இருபத்தாறாம் நாள் தண்ணீர்

சாக்கு காயக் கூடாது, அது ஒன்றுதான் என் வேலை. காலையில் ஒரு முறை, வெயில் ஏறினதும் ஒரு முறை, பிறகு மணிக்கு ஒரு முறை என்று சாயங்காலம் வரை, மொத்தம் இருபத்தெட்டு நாள், இன்று இருபத்தாறு. ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் விசிறியாக விரிந்து, புதுக் காங்கிரீட் சுவரில் தொங்கும் சாக்குகளின் மேல் விழுகிறது, சாக்கு கருக்கிறது, நனைந்த நாயின் நாற்றம் எழும்புகிறது. நாய் மட்டுமா. மண்டியிலிருந்து பழஞ்சாக்காக அள்ளி வந்தவை, ஒன்றில் புண்ணாக்கு இருந்திருக்கிறது, ஒன்றில் நெல், ஒன்றில் என்ன இருந்ததோ, ஏதோ செத்துப்போய் அதற்குள்ளேயே கிடந்த மாதிரி, அதை நான் இருபத்தாறு நாளாகக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன். நீச்சல் குளம் என்கிறார்கள். டைல்ஸ் ஒட்டி நீலம் வரும் வரைக்கும் இது ஒரு சாம்பல் நிறக் குழி, நாற்பதடி நீளம், ஒரு ஓரத்தில் இடுப்பளவு, மறு ஓரத்தில் ஆள் உயரம். என் தங்கை நீலவேணியின் கணவர் சபாநாயகத்துக்கு முழங்கால் வலி, தண்ணீருக்குள் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஒரு முழங்காலுக்காக ஒரு குளம். தெருக்கோடியில் பெண்கள் டிராக்டர் தண்ணீருக்குக் குடத்தை வரிசை வைத்துவிட்டு வெயிலில் நிற்கிறார்கள், நான் இங்கே சுவருக்கு ஊற்றுகிறேன், சுவர் குடித்துக்கொண்டே இருக்கிறது, போதும் என்று சொல்லவே தெரியாத வாய். "மதினி, நீங்க தண்ணிய மட்டும் பாத்துக்குங்க, வேலைக்காரங்கள நம்ப முடியாது, ஒரு நாள் காஞ்சாலும் வெடிச்சுப் போயிரும்" என்றார் சபாநாயகம். ஆறு வருஷமாக இந்த வீட்டில் சும்மா சாப்பிட்டவளுக்கு ஒரு பொறுப்பு. எனக்கு அன்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால், புடவை முனையில் ஒட்டிக்கொண்ட பாசியைப் பார்ப்பது போல் இருக்கிறது.

சுவர் சரி, சாக்கு சரி. கீழே பார்க்காமல் இருந்தால் நாள் ஓடிவிடும். தரையில் முழங்கால் ஆழத்துக்கு நிறுத்தி வைத்த தண்ணீர், தரை காயாமல் இருக்க. முதல் இரண்டு நாள் அது சுண்ணாம்புத் தெளிவு போல இருந்தது, மேலே வெள்ளையாக ஓர் ஆடை கட்டியது, பால் ஏடு போல, விரலால் தொட்டால் நொறுங்கியது. இரண்டாம் நாள் சாயங்காலம் மழை, அரை மணி நேரம், கொட்டித் தீர்த்தது, அதோடு வேப்பிலை, வேப்பம்பூ, யார் வீட்டு மாடியிலிருந்தோ பறந்துவந்த பிளாஸ்டிக் பை. ஏடு உடைந்து அடியில் போனது. பிறகு ஓரங்களில் பச்சை, பச்சைக்கு மேல் வழவழப்பு, வழவழப்புக்கு மேல் ஒரு வானவில் படலம். பதினான்காம் நாள் ஹோஸை மாற்றிப் பிடிக்கக் குனிந்தபோது என் நிழல் தண்ணீரில் விழுந்தது, நிழலுக்கு அடியில் தண்ணீர் துடித்தது. எனக்குத் தெரியாதா. முப்பத்தோரு வருஷம் மகளிர் கல்லூரியில் விலங்கியல் செய்முறைக் கூடத்தில் நின்றவள். தலை கீழாக, சாய்வாகத் தொங்கி, வாலிலுள்ள சின்னக் குழாயால் மூச்சு வாங்கும், நிழல் பட்டால் எல்லாம் ஒரே சமயத்தில் துள்ளிக்கொண்டு கீழே போகும், நிழல் விலகினால் ஒவ்வொன்றாக மேலே வந்து ஒட்டிக்கொள்ளும். எந்தப் புழு, எந்தக் கொசு, எந்தக் காய்ச்சல், கண்ணாடித் தகடு இல்லாமலே சொல்வேன். அவற்றின் நடுவே காற்புள்ளி போல வளைந்தவை சில, அவை இனித் தின்னவே வேண்டாம், இரண்டு நாளில் முதுகைப் பிளந்துகொண்டு பறந்துவிடும். எத்தனை பெண்களுக்கு இதை வரையச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பென்சிலைக் கூர்மையாக்கு, குழாயின் நீளத்தைக் கவனி என்று. அன்று நான் செய்தது என்ன? அடுக்களைக்குப் போய் டீ வடிகட்டியை எடுத்து வந்தேன். அறுபத்தெட்டு வயதில், ஏணியில் பின்பக்கமாக இறங்கி, டீ வடிகட்டியால் புழு அள்ளி மணலில் உதறினேன். வெயிலில் அவை சுருண்டு, கருத்த நூல் துணுக்குகளாகிக் காய்ந்தன. மறுநாளும் அள்ளினேன். அதற்கு மறுநாளும். நாற்பதடிக் குளத்தை டீ வடிகட்டியால். நீலவேணி வடிகட்டியை மோந்து பார்த்துவிட்டு, "என்னக்கா இது, கொமட்டுது" என்று குப்பையில் போட்டாள், வேறு வாங்கினாள், நான் குப்பையிலிருந்து பழையதை எடுத்துக்கொண்டேன்.

தண்ணீரை மாற்றுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், ஆனால் எப்படிச் சொன்னேன்? "தண்ணி நாறுது தம்பி, மாத்திடலாமே" என்றேன். நாறுது என்றேன், புழு என்று சொல்லவில்லை. சபாநாயகம் மேஸ்திரி தங்கப்பழத்தைப் பார்த்தார். மேஸ்திரி வாயிலிருந்த பாக்கை ஒதுக்கிக்கொண்டு, "மொதத் தண்ணிய மாத்தப்படாதும்மா. அது காங்கிரீட்டோட பாலு. தாய்ப்பாலக் கொட்டிட்டுப் பசும்பால ஊத்துவாகளா? அந்தத் தண்ணியில கெடந்தாத்தான் ஒடம்பு எறுகும். எங்கப்பாரு காலத்துல இருந்து இப்பிடித்தான், தொட்டியாகட்டும் கெணறாகட்டும்" என்றார். சபாநாயகம் ஏதோ வேதம் கேட்டவர் போலத் தலையாட்டினார். பால். இந்தப் பச்சை, இந்த வழவழப்பு, இந்தத் துடிப்பு, இதுவா பால். அங்கேயே சொல்லியிருக்கலாம். மேஸ்திரி, உங்கள் பாலில் புழு நெளிகிறது, ஒரு கிண்ணத்தில் அள்ளிக் காட்டட்டுமா என்று. சொல்ல முடியாது, சொன்னால் பன்னிரண்டாம் நாள் நான் கேட்டில் ஒருத்தியிடம் சொன்னது பொய் என்று ஆகிவிடும். ஒன்றிலிருந்து ஒன்று, சாக்கிலிருந்து சணல் பிரிவது போல.

பன்னிரண்டாம் நாள் வந்தவள் பெயர் அமலோற்பவம். அவ்வளவு அழகான பெயரை எங்கே வைத்துக்கொண்டு அந்த வெயிலில் வீடு வீடாக அலைகிறாளோ, பச்சைப் புடவை, தோளில் பை, கையில் டார்ச், கொசுப்புழு பார்க்கிற வேலை. வீட்டு வாசலில் ஒட்டிய தாளில் ஒவ்வொரு வாரமும் பார்த்ததற்குத் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். "உள்ள கட்டட வேல நடக்குதாம்மா? தண்ணி கட்டி வச்சிருக்கீகளா? ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிர்றேன்" என்றாள். எனக்குக் கை ஈரம், புடவை ஈரம், முதுகு வலி, அவள் செருப்பில் தெருச் சேறு. அது மட்டும் இல்லை, அதைச் சொல்லித் தப்பிக்காதே. சபாநாயகம் சொல்லியிருந்தார், பஞ்சாயத்து ஆட்களை உள்ளே விடாதீர்கள், வந்தால் தண்ணீரைக் கொட்டு என்பார்கள் என்று. நான் கேட்டைத் திறக்காமல், கம்பிகளுக்கு இப்புறம் நின்று, "அது சுண்ணாம்புத் தண்ணிம்மா. கடுமையான காரம். அதுல எந்தப் புழுவும் உயிரோட இருக்காது. நான் காலேஜுல இதத்தான் பாடம் நடத்தினேன்" என்றேன். பாடம் நடத்தவில்லை. டெமான்ஸ்ட்ரேட்டர், தவளையை ஆணியடித்து வைப்பவள். மழைக்குப் பிறகு அந்தப் பத்து நாளாக நான் தண்ணீரைக் குனிந்து பார்த்ததும் இல்லை. அவள் முகம் சட்டென்று மாறியது, பணிந்து போனது, அந்தப் பணிவைப் பார்க்க எனக்கு இதமாக இருந்தது, அதுதான் குமட்டுகிறது, அந்த இதம். "நீங்க சொன்னாச் சரிதாம்மா. படிச்சவுக" என்று தூணில் ஒட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். பத்தொன்பதாம் நாள் வந்தபோது கேட்கக்கூட இல்லை. வெளியே நின்றே எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அப்போது உள்ளே வடிகட்டியோடு நின்றிருந்தேன், முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நானும் சிரித்தேன்.

மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்கு அவள் வருகிறாள். இன்று புழு பார்க்க இல்லை, காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று எழுத. ஒச்சம்மா பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள், மூன்று நாளாக, நேற்று தட்டணுக்கள் நாற்பத்திரண்டாயிரம் என்று அவள் புருஷன் காசிமாயன் வந்து சொன்னான், அந்த எண்ணை அவன் ஒரு வீட்டு எண்ணைச் சொல்வது போலச் சொன்னான். அவர்கள் இந்த வேலைக்கு வந்த சித்தாளும் கொத்தனாரும், குளத்துக்கு இருபதடி தள்ளித் தகரக் கொட்டகையில் குடியிருக்கிறார்கள், பின்னால் இன்னும் நாலு கொட்டகை, நாலிலும் பிள்ளைகள். ஹோஸ் பிடிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே ஒச்சம்மாதான். "என்ன டீச்சரம்மா, பூச்செடிக்கா தெளிக்கிறீக? இது செவுரும்மா, செவுரு! பச்சப்புள்ளையக் குப்புறப் போட்டு ஊத்துற கணக்கா ஊத்துங்க, அது அழுதாலும் விடாதீக" என்று சிரித்தாள், சிரிக்கும்போது வெற்றிலைச் சாறு வழியாமல் இருக்க உள்ளங்கையால் வாயைத் தாங்கிக்கொள்வாள். இப்போது அந்த ஈறுகளில் இரத்தம் வருகிறதாம். பதினைந்தாம் நாள் குலசாமிக்குப் பொங்கல் வைக்க ஊருக்குப் போனாள், இரண்டு நாளில் திரும்பினாள், இருபத்துமூன்றாம் நாள் காய்ச்சல். சபாநாயகம் அதைப் பிடித்துக்கொண்டார். "ஊருல போயி வாங்கிட்டு வந்திருக்கு கழுத. இங்க என்ன இருக்கு? அந்தப் பொம்பள வந்தா அப்படியே எழுதச் சொல்லுங்க மதினி. எழுதினதும் காசிமாயன் கொட்டகையப் பிரிச்சிரச் சொல்லணும், இவங்களால நாலு பேருக்குத் தொத்திக்கிரும்." ஊர் என்று எழுதினால் மருந்துப் புகை அங்கே போகும், முப்பது மைல் தள்ளி, இங்கே இந்த நாலு கொட்டகைப் பிள்ளைகளின் காலடியில் இது துடித்துக்கொண்டே இருக்கும். ஒச்சம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால், வந்தால் என்றா சொன்னேன், வரும்போது, படுக்க இடம் இருக்காது.

கணக்குப் போட்டேன். விரல் விட்டு எண்ணினேன், எத்தனையோ முறை, ஹோஸ் பிடித்தபடியே. மழை இரண்டாம் நாள். முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள், ஆக ஒன்பது பத்து. அது காய்ச்சல்காரர் யாரையாவது கடிக்க வேண்டும், கடித்தபின் அதற்குள் நஞ்சு முற்ற எட்டு நாள், பதினெட்டு. பிறகு ஒச்சம்மாவைக் கடிக்க வேண்டும், நாலைந்து நாள், இருபத்துமூன்று. பொருந்துகிறது. இல்லை, ஊரில் கடித்திருந்தால், பதினைந்து, பதினாறு, அதிலிருந்து ஏழு நாள், இருபத்துமூன்று. அதுவும் பொருந்துகிறது. எப்படி எண்ணினாலும் இரண்டும் பொருந்துகிறது. இந்தக் கணக்கை நான் எதற்குப் போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது, பொருந்தாமல் போகட்டும் என்று போடுகிறேன், ஒரு நாள் இடறட்டும், அந்த ஒரு நாளின் சந்துக்குள் நான் புகுந்துகொள்ளலாம். ஒருத்தியின் ஈறு கசிகிறது, நான் நாள் எண்ணுகிறேன். என் விரல்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை, தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கி, குப்பியில் போட்டு வைத்த ஏதோ பிராணியின் விரல்கள் போல.

ஆழ்ந்த ஓரத்தில் தரையோடு வடிகால் குழாய் இருக்கிறது, சாக்கைச் சுருட்டி அடைத்து மேலே கல் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் போதும், தண்ணீர் பின்னால் உள்ள ஓடைக்குப் போய்விடும், ஓடையில் மணல், மணலில் வெயில், அரை நாளில் எல்லாம் செத்துவிடும். இப்போதே எடுக்கலாம். அது சரியான காரியம். பிள்ளைகளுக்கு நல்லது, தெருவுக்கு நல்லது. எடுத்தால் பத்தரைக்கு அவள் வரும்போது குளம் சுத்தமாக இருக்கும், சாக்குத் துண்டும் சேறும் இருக்கும், புழு இருக்காது, நான் சொன்னது பொய்யில்லை, ஒச்சம்மா ஊரிலிருந்து வாங்கி வந்தாள். நல்ல காரியத்துக்கு இவ்வளவு வசதியான முகம் இருக்கக் கூடாது. எடுக்காமல் விட்டால் அவள் டார்ச் அடிப்பாள், பார்ப்பாள், எழுதுவாள், எழுதும் வரைக்கும் இவை இன்னும் முக்கால் மணி நேரம் இந்த நிழலில் வளரும், வளர்ந்தால் என்ன, முக்கால் மணியில் என்ன ஆகிவிடும், இத்தனை நாள் விட்டவள்தானே. எடு. எடுக்காதே. எடுத்துவிட்டுச் சொல்லலாமே, இருந்தது, கொட்டிவிட்டேன் என்று. சொல்ல மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும், தண்ணீர் போனதும் நாக்கும் உலர்ந்துவிடும். ஏணியில் இரண்டு படி இறங்கினேன், கால் விரல் தண்ணீரைத் தொட்டது, வெதுவெதுப்பு, யாரோ குடித்து வைத்த தேநீர் போல, உடம்பு கூசியது. மேலே ஏறினேன். மறுபடி சாக்குக்குத் தண்ணீர் அடித்தேன். ஒரு மரவட்டை சாக்கின் மடிப்பிலிருந்து சுருண்டு விழுந்தது. மறுபடி இரண்டு படி இறங்கினேன். கல்லூரியில் ஒரு பெண், முதல் வருஷம், கரப்பானைத் தட்டில் வைத்ததும் வாந்தி எடுத்தாள், நான் அவளை எல்லோர் முன்னாலும் அதைத் துடைக்கச் சொன்னேன், அருவருப்பு என்பது அறியாமை என்று கரும்பலகையில் எழுதியதும் நான்தான். எவ்வளவு மடத்தனம். அருவருப்பு மட்டும்தான் இப்போது எனக்குள் பொய் சொல்லாமல் இருக்கிறது.

கேட் சத்தம். சபாநாயகம் பிரம்பு நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார், வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு. "வாம்மா. எல்லாம் அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிட்டு வந்ததுல ஆனது. தேதியெல்லாம் மதினி சொல்லுவாங்க, அவங்க புரொபசர். எழுதிக்க" என்றார். அமலோற்பவம் நோட்டைப் பிரித்தாள், பேனாவைத் தட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஹோஸைக் கீழே போட்டேன், அது பாம்பு போலத் துள்ளி அவள் புடவையை நனைத்தது. "இங்க வா" என்றேன். குளத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனேன். "தண்ணியில புழு இருக்கு. பன்னெண்டு நாளாத் தெரியும் எனக்கு. அன்னைக்கு உன்னக் கேட்டுலயே நிறுத்தினேன் பாரு, அப்ப நான் பாக்கக்கூட இல்ல." குரல் மளிகைச் சாமான் சொல்வது போல வந்தது. அவள் டார்ச்சை அடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "தெரியும்மா" என்றாள். "என்ன தெரியும்?" "அந்த வாரம் இங்க ரெண்டு வீட்டுல பெரிய கொசுவா அடிச்சுப் பாத்தேன். சுத்தி வேற தண்ணியே இல்லையே, எங்கிட்டு இருந்து வரும்? ஒங்க கிட்டத் திருப்பிக் கேக்கணுமா? படிச்சவுக சொன்னத நான் இல்லைங்கவா?" பேசப் பேச அவள் கண் தூணில் ஒட்டிய தாளுக்குப் போய்ப் போய் வந்தது. "அம்மா, ஒங்களக் கும்புடுறேன். அதுல பாத்துட்டேன்னு ரெண்டு வாரம் கையெழுத்துப் போட்டிருக்கேன். புழு இருந்துச்சுன்னு இப்ப எழுதினா, நீ என்னத்தப் பாத்தன்னு என்னய நாளைக்கே நிறுத்திப்புடுவாக. தெனக்கூலிம்மா. தண்ணிய இப்பத் தொறந்து விட்டுருங்க. ஊருன்னே எழுதிக்கிறேன். அந்தப் புள்ளைக்கு எங்க வந்தா என்ன, வந்தது வந்துருச்சுல்ல?"

இதுதான் என் உண்மையின் விலை என்று நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை, நான் தாங்க வேண்டியது என் மானம் மட்டும் என்று எவ்வளவு சொகுசாக நினைத்திருந்தேன், பெரிய தியாகம் போல. உண்மையைச் சொன்னாலும் அது எனக்குக் கீழே நிற்கிறவள் தலையில்தான் வடிகிறது. ஊர் என்றால் ஒச்சம்மா, புழு என்றால் அமலோற்பவம், நடுவில் நான், ஈரப் புடவையோடு, படித்தவள். "நோட்டக் குடு" என்றேன். "எதுக்கும்மா?" "குடு." வாங்கி, சாக்கு போட்ட சுவர் மேல் வைத்து எழுதினேன், தாள் ஈரம் குடித்து எழுத்து ஊதியது: பன்னிரண்டாம் நாளும் பத்தொன்பதாம் நாளும் பணியாளர் உள்ளே பார்க்கக் கேட்டார், நான் கேட்டைத் திறக்க மறுத்து, பார்த்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்லி வற்புறுத்தினேன், தண்ணீரில் கொசுப்புழு இருப்பது எனக்குத் தெரியும், கொட்டகைகளுக்கும் மருந்து அடிக்க வேண்டும், கீழே என் பெயர், தேவகுஞ்சரி. இரண்டாவது வாரம் அவள் கேட்கவே இல்லை, வற்புறுத்தியதும் பொய்தான். பொய் சொல்வதில் இத்தனை நாள் வந்த பழக்கம் இதற்காவது உதவட்டும். அமலோற்பவம் எழுத்துக் கூட்டிப் படித்தாள், உதடு அசைய, இரண்டு முறை. "நா வரப்பவெல்லாம் இவுக தொறக்கலைன்னு..." என்று மேலதிகாரியிடம் சொல்லப்போவது போல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். நன்றி என்று எதுவும் இல்லை அவள் முகத்தில், ஒரு சந்தேகம் மட்டும், இந்த மாதிரி மனுஷர்கள் எழுதிக் கொடுப்பதில் வேறு என்ன வில்லங்கம் இருக்குமோ என்று. அது எனக்குப் பிடித்திருந்தது. நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அந்தக் கொட்டகைகளின் பக்கம் நடந்தாள், டார்ச்சைப் பட்டப்பகலில் எரியவிட்டபடி.

"என்ன எழுதினீங்க மதினி?" சபாநாயகம் எழுந்து வந்தார். சொன்னேன். முகம் கறுத்துச் சிவந்தது. "என் வீட்டுல உக்காந்துக்கிட்டு என் வீட்டுக்கு நோட்டீசு வர எழுதிக் குடுத்திருக்கீங்க. இன்னும் ரெண்டே நாளு! ரெண்டு நாளு பொறுக்க முடியலையா ஒங்களுக்கு?" ஏணியில் இறங்கினேன், இந்த முறை படியை எண்ணவில்லை. தண்ணீர் முட்டி வரை ஏறியது, தரை பாசியில் வழுக்கியது, என் நிழல் விழுந்த இடமெல்லாம் துடித்துச் சிதறியது, கெண்டைக்காலில் மெல்லிய நூல்கள் உரசுவது போல ஒரு கூச்சம், அது உண்மையா என் நினைப்பா தெரியவில்லை. ஆழ்ந்த ஓரத்துக்குப் போனபோது தொடை வரை. குனிந்தேன், கன்னம் தண்ணீரில் பட்டது, வாயை இறுக மூடிக்கொண்டேன், கல்லைப் புரட்டினேன், சாக்குச் சுருளில் விரலை நுழைத்து இழுத்தேன், வரவில்லை, இழுத்தேன், அழுகின எதையோ பிடுங்குவது போலக் கையோடு வந்தது. கரிய குமிழிகள். பிறகு காலடியில் ஓர் உறிஞ்சல். மெதுவாகத்தான் இறங்கியது, சுவரில் ஒரு பச்சைக் கோட்டை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இன்னொரு கோடு. மேலே போட்டு வந்த ஹோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ வந்து மூடினார்கள். நீலவேணி ஓரத்தில் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். "அக்கா, அவர் அங்க என்னென்னமோ பேசுறார். நீ மேல ஏறி வா மொதல்ல. ஐயோ, என்ன நாத்தம் நாறுது."

"ஆமாடி நீலா," என்றேன், "நாறுது." அங்கேயே நின்றேன், தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கும் வரை.